மொய்யில் வைத்த மொட்டைக் காசு

இயேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
13-10-2025, திங்கட்கிழமை

என் கூடப் பிறந்த தம்பி சகாயநாதனுக்கு அக்கா ஸ்டெல்லாமேரி எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேசினதாக ஆகிவிடும். நீயாகத் தெரிவித்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாரத்துக்கும் குருசுக்குப்பத்துக்கும் எவ்வளவு தூரம், ஒரு போன் போட்டால் ஆகாதா, எதற்கு இந்தக் கிழவி கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் மகன் ஜோசப் ஆனந்த் கல்யாணத்தில், 2014 மே 22, வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு, "செத்தாலும் உங்கூடப் பேச மாட்டன்" என்று சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் பெரிய விஷயம், உட்கார்ந்து படி. நான் இப்போது காசு பார்க்கிறேன். காசு சேர்ப்பது இல்லை, பார்ப்பது. பேத்தி சிந்தியா போனில் ஒரு வீடியோ காட்டினாள், அச்சடிக்கும்போதே தப்பாகப் போன காசுக்கெல்லாம் தனி மவுசு இருக்கிறதாம், ஆனால் தண்டவாளத்தில் வைத்து நசுக்கினது, சுத்தியால் தட்டினது எதுவும் சேராதாம், பிறவிக் குறையாக இருக்கவேண்டுமாம், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அடுப்பில் கை ஓடவில்லை. வருஷத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வைரம் இருந்தால் பம்பாய், ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா, எல்லாம் ஒரே நாளில் மனப்பாடம். டவுன் பஸ் கண்டக்டர் சிலம்பரசன் தோல் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தான், எனக்கு மனசு அடித்துக்கொண்டது, "கொஞ்சம் அந்தப் பையத் தொறந்து காட்டுடா கண்ணு" என்றேன், அவன், "ஆயா, டிக்கெட்டக் கேளு, பையக் கேக்காத, எனக்கு வேல பூடும்" என்றான், இதில் இறங்கவேண்டிய இடம் போய் வில்லியனூரில் இறங்கினேன். போகட்டும். வீட்டில் பழைய கேக் டப்பாவில் கிடந்த சில்லறையைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எண் பக்கம் நேராக இருக்கும்போது திருப்பினால் சிங்கமும் நேராக நிற்கவேண்டும், தலைகீழாக நின்றால் அது குறைக் காசு என்று வீடியோவில் சொன்னான். முதல் காசு திருப்பினேன், சிங்கம் தலைகீழ்! இரண்டாவது, தலைகீழ்! அறுபத்து மூன்று காசு, அறுபத்து மூன்றும் தலைகீழ்! மருமகளைக் கூப்பிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.

நேற்று அத்தனையையும் முந்தானையில் முடிந்துகொண்டு சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ராஜ்கமல் என்று ஒருத்தன் தரையில் ஷீட் விரித்துக் காசு வியாபாரம் செய்கிறான். பிரெஞ்சுக்காரன் காசெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, நம்முடைய ஒரு ரூபாய் வெயிலில் கிடக்கிறது. நான் முடிச்சை அவிழ்த்துக் கொட்டினேன். அவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்ல காசும்மா" என்றான்.

"நல்ல காசா? சிங்கம் தலகீழா நிக்கிது, கண்ணு தெரியல?"

"நீங்க தோச திருப்புற மாதிரி திருப்புறீங்கம்மா. அப்டித் திருப்புனா எந்தக் காசும் தலகீழாத்தான் தெரியும். புஸ்தகத்துல பக்கம் திருப்புற மாதிரி திருப்பணும்."

சுற்றி நின்ற ஆறு பேர் சிரித்தார்கள். அதில் பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான், அவனை மறக்கமாட்டேன். நான் எந்தப் புஸ்தகத்தைத் திருப்பினேன்? ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள்? நீ பிறந்தாய், உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. அன்றைக்கிருந்து எனக்குத் தெரிந்த திருப்பு தோசைத் திருப்புதான். ஆகவே நேற்று சந்தையில் நான் பட்ட வெட்கத்துக்கும் நீதான் காரணம்.

ராஜ்கமல் நல்ல பிள்ளை. "உடுங்கம்மா" என்று தேற்றினான். "அச்சு தள்ளி உழுந்து, பாதி படமும் பாதி மொட்டையுமா ஒரு ரூவா வரும் பாருங்க, அதாம்மா காசு. நானே போட்டோலதான் பாத்துருக்கன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் நான் போட்டோவில் பார்க்கவில்லை. கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்தக் காசு என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். ஆனந்த் கல்யாணத்தில் மொய் எழுதினவன் மைக்கில், "மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் சகாயநாதன், ரெண்டாயிரத்து ஒண்ணு!" என்று சொல்லி வாய் மூடவில்லை, என் நாத்தனார் ஃபாத்திமா மொய்க் கவரில் இருந்து அந்த ஒரு ரூபாயை எடுத்து உயரத் தூக்கிக் காட்டி, "இன்னா அண்ணி, உங்க தம்பி செல்லாத காசு வச்சிருக்காரு?" என்று கேட்டாளே, அதே காசு. காசில் அச்சடித்திருக்கிற கட்டைவிரல் தூக்கின கை ஓரத்துக்குப் போய், விரல் பாதியில் வெட்டுப்பட்டு, மீதிக் காசு வழவழவென்று மொட்டையாக இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போயிற்றே என்று நான் அதை உன் மேல் எறிந்தேன், உன் இலையில் ரசத்தில் விழுந்தது, நீ அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டாய். இடது பக்கப் பை.

இதைச் சொன்னதும் ராஜ்கமல் எழுந்து நின்றுவிட்டான்.

"அம்மா! அது இப்ப எங்க இருக்கு?"

"எந் தம்பிகிட்ட."

"இப்பவே போயி எடுத்தாங்கம்மா!"

"அவங்கூடப் பேச்சு இல்ல."

"எத்தினி நாளா?"

"பதினோரு வருஷமா."

அவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

நீ உடைந்த குடையைக்கூடத் தூக்கிப்போடாதவன், அதனால் அந்தக் காசு உன்னிடம்தான் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அது வேண்டும். ஓரத்தைப் பிடித்துத் தொடு. பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டு விளக்கிவைக்காதே, விளக்கினால் போச்சு. விற்பதற்கு இல்லை, சத்தியமாக இல்லை. அந்தப் பூதக்கண்ணாடிக்குக் கீழே அதை நானே வைக்கவேண்டும், பச்சைச் சட்டைக்காரன் குனிந்து பார்க்கவேண்டும், அவன் முகத்தை நான் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் எழுதவேண்டும். கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அது செல்லாத காசு இல்லை. அச்சடிக்கிற இடத்திலேயே அப்படிப் பிறந்த காசு. நீ தேடிப் பிடித்து என்னை அவமானப்படுத்த வைக்கவில்லை, கைக்கு வந்ததை வைத்தாய். அதனால் அந்த ஒரு குற்றத்தை மன்னித்துவிட்டேன். 1975இல் என் சாட்டின் ரிப்பனைப் பட்டத்துக்கு வாலாகக் கட்டியது, அம்மா அடக்கத்துக்கு நான் வாங்கின மாலையை நீ வாங்கினதாகச் சொல்லிக்கொண்டது, இதெல்லாம் அப்படியே இருக்கிறது.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆரோக்கியமாதா ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். காசில் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன்னோடு பேசாத அக்கா
ஸ்டெல்லாமேரி

பி.கு.: செவ்வாய்க்கிழமை, சாயங்காலம். தபாலில் போட்டால் போய்ச்சேர மூன்று நாள் ஆகுமே என்று பொறுக்காமல் இன்று காலையில் நானே உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்று குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ கதவைத் திறந்துகொண்டு மரம் மாதிரி நின்றதால்தான், "இன்னாடா வேடிக்க பாக்குற, தூக்கி உடுறா!" என்று சொல்லவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசினது அதன் தொடர்ச்சிதான், தனியாகக் கணக்கில் சேராது. பேச்சு மும்முரத்தில் கடுதாசியைக் கொடுக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனசு வரவில்லை, அதனால் போடுகிறேன். மேலே கேட்ட எதையும் தேடவேண்டாம். கல்யாணத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே, "எங்கக்கா எங்கூடப் பேசணும்" என்று வேண்டிக்கொண்டு அந்தக் காசை அந்தோணியார் கோயில் உண்டியலில் போட்டுவிட்டதாகச் சொல்கிறாய். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவரிடமே கொண்டுபோய்த் தொலைத்திருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல! வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, நேரில் சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு சின்ன வேண்டுதலுக்கு அவருக்கு ஏன் பதினோரு வருஷம் ஆயிற்று தெரியுமா? காசைப் பார்த்ததும் அவரும் செல்லாது என்றுதான் நினைத்திருப்பார்.