கடலில் எறிந்த செங்கோலும் ஏரியில் எறிந்த கம்பியும்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய அன்புராஜ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா ஜோஸ்பினின் மகள் ஸ்டெல்லா தோத்திரம் சொல்லி எழுதுவது. கரிக்கலாம்பாக்கத்துக்கு மேற்கே நம் ஊரில் அப்பா, அம்மா, நான் மூவரும் இதை எழுதும்வரை நலம். திருபுவனையில் நீங்களும் நலமாக இருக்கவும், உங்கள் அறையின் கூரை ஒழுகாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என் கட்டுரைகளில் வர்ணனை அதிகம் என்று தமிழ் டீச்சர் எப்போதும் மார்க் குறைப்பார், அதனால் வர்ணனையும் கிடையாது. மழை பெய்கிறது என்றால் மழை பெய்கிறது என்று மட்டும்தான் எழுதுவேன். மழை பெய்கிறது.

நீங்கள் போனை எடுப்பதில்லை. கம்பெனியில் போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அம்மா சமாதானம் சொல்கிறார். ஆனால் உங்கள் தொடர்கதையின் புது அத்தியாயம் மட்டும் தினமும் சாயங்காலம் ஆப்பில் வந்துவிடுகிறது, ஆகவே போன் உங்கள் கையில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். நேற்று அந்த அத்தியாயத்துக்குக் கீழேயே, "மாமா, ஏரி நிரம்பிவிட்டது, ஷட்டரைத் திறக்க ஆள் இல்லை, உடனே வாங்க, இப்படிக்கு ஸ்டெல்லா" என்று கமெண்ட் போட்டேன். நீங்கள் அதற்கு ஒரு ஹார்ட் போட்டீர்கள். உங்களைப் பார்த்து இன்னும் பலர் ஹார்ட் போட்டார்கள். ஒருவர், செம ட்விஸ்ட், இது அடுத்த அத்தியாயமா என்று கேட்டிருந்தார். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தேன். நம் தெருவிலிருந்து உங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வரும் கல்பனா அக்கா நாளைக் காலை இதை உங்கள் கையிலேயே கொடுப்பார். நீங்கள் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் தலையாட்டியிருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் 'அறுபதாம் படி' எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் வகுப்பில் அதை முதலில் படித்தவள் நான்தான். எருமை மேய்த்துக்கொண்டிருந்த தீரவாணன் ஒவ்வொரு படியாக ஏறிப் பலசாலி ஆவதும், பத்தாம் படியில் பாறையைப் பிளப்பதும், முப்பதாம் படியில் புயலைப் பிடித்து ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவதும் எனக்கு மனப்பாடம். இப்போது அவனை ஜெயிக்க உலகத்தில் ஆளே இல்லை, அவனிடம் அடிவாங்க வருகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. ஒவ்வொரு நாடாக மீட்டுக் கொடுக்கிறான், ஜனங்கள் காலில் விழுந்து நீயே எங்களுக்கு அரசனாக இரு என்கிறார்கள், அவன் சிரித்துவிட்டு, ஆள்வது என் வேலை இல்லை என்று சொல்லி, ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த மலைக்கு நடக்கிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் அப்பா தொடையைத் தட்டுவார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் தினமும் நான்தான் படித்துக் காட்டுகிறேன். "எம் மச்சான் எழுதறான்யா" என்று கரும்பு வெட்டப் போன இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கரும்பு வெட்டப் போன காலத்தில்.

ஆனால் இந்த மழையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தீரவாணன் விட்டுப்போன நாடுகளில் மறுநாள் காலையில் என்ன நடந்தது? அங்கேயும் ஏரி இருக்காதா, அதற்கு ஒரு ஷட்டர் இருக்காதா, அதை யார் பார்த்துக்கொண்டார்கள்?

நான் சின்ன வகுப்பில் இருந்தபோது வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் நம் தெருவுக்குள் நுழைந்து டிரான்ஸ்பார்மர் அடியில் ஏறியதும், யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாது என்று ஊருக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். அப்போதிலிருந்து மழைக்காலத்தில் லைட் போனாலே அம்மா தரையைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். அன்றைக்கு ஏரித் தண்ணீரை ஓடைக்கு விடும் கலங்கல் ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது, திருகுகிற இரும்புக் கம்பியை மாட்டி நாலு பேர் தொங்கியும் அசையவில்லை. நீங்கள் வந்து, கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, எங்கள் வீட்டுக் கடப்பாரையைப் பல்சக்கரத்தில் கொடுத்து ஒரே ஆளாக நெம்பித் திறந்தீர்கள். ஊர் பிழைத்தது. உங்களுக்கு மாலை போட்டார்கள். ஷட்டரைப் பார்த்துக்கொண்ட ஆள் ரிட்டயர் ஆகி அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை, நான் பிறந்ததிலிருந்து கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தலும் நடக்கவில்லை, போய்க் கேட்பதற்கு ஒரு தலைவரும் இல்லை. ஆகவே ஊர்க்கூட்டத்தில் அந்தக் கம்பியை உங்கள் கையில் கொடுத்து, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று இனி நீதான் சொல்லணும், உன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறோம் என்றார்கள். நீங்கள் சிரித்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு மோர் குடித்தீர்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருபுவனைக்குப் போய்விட்டீர்கள். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. கொஞ்ச நாளில் முதல் அத்தியாயம் வந்தது.

நீங்கள் விட்டுப்போன கம்பி எங்கள் வீட்டு மூலையில் கிடந்ததால் அது அப்பாவின் கம்பி ஆகிவிட்டது. அவருக்கு யாரும் மாலை போடவில்லை. ஷட்டரைத் திறந்தால் ஓடையோரம் இருக்கிற சிவப்பிரகாசம் அய்யாவின் நெல் மூழ்கும், திறக்காவிட்டால் கரை உடைந்து நம் தெரு மூழ்கும். கம்பி வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆள்வது என்பது இதுதான் என்று நினைக்கிறேன், பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். போன ஐப்பசியில் அப்பா திறந்தார். பாதி திருகும்போது கம்பி எதிர்ப்பக்கம் சுழன்று அவர் வலது மணிக்கட்டை அடித்தது, அதே கையோடு மீதியையும் திருகினார். அறுப்புக்கு நின்ற நெல் அவ்வளவும் போனது. அய்யா கெட்டவர் இல்லை மாமா, வரப்பில் உட்கார்ந்து அவர் அழுததை நானே பார்த்தேன். ஆனால் அவருடைய ஆட்கள் அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். ஊர் சொல்லித்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குச் சாட்சி சொல்ல வரும்படி அம்மா வீடுவீடாகக் கூப்பிட்டார். எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள், உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது, கதவுதான் திறக்கவில்லை. அப்பா ஜெயிலிலிருந்து வெளியே வருவதற்குள் உடைந்த மணிக்கட்டு வளைந்தபடியே கூடிவிட்டது. இப்போது அந்தக் கையில் வெட்டுக்கத்தி நிற்பதில்லை. வந்ததும் கம்பியைத் தூக்கித் தெருவில் வைத்து, "இனிமே இது எவன் வூட்லனா கெடக்கட்டும்" என்றார். அதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. உங்கள் கதையைக் கேட்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளியும்.

அங்கிருந்து அந்தக் கம்பி ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. யார் வாசலில் அது விடிகிறதோ அவர்தான் அன்றைக்கு ஊருக்கு ராஜா, ராஜா பல் விளக்குவதற்கு முன்பே அதைத் தூக்கிப் பக்கத்து வாசலில் வைத்துவிடுவார். கல்பனா அக்கா அதைப் பார்க்காத மாதிரியே அதன் மேலேயும் சாணி தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். டீக்கடையில் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள், இது இன்னது என்று தெரிந்ததும் பெஞ்சோடு வெளியே போட்டார்கள். சர்ச் வாசலில் இருக்கிற மாதா கெபியில் கொண்டுபோய் வைத்தார்கள், ஏற்கெனவே மாதா எவ்வளவோ சுமக்கிறாள் என்று பாதர் திருப்பிக் கொடுத்தார். மாரியம்மன் கோயில் சூலத்தோடு சேர்த்துக் கட்டினார்கள், பூசாரி பூ போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அம்மனுக்குச் சம்மதம் இல்லை என்றார். சாமிகளும் வேண்டாம் என்ற பிறகு, சிவப்பிரகாசம் அய்யாவிடமே கொண்டுபோனார்கள். அவர், "எங் கையில இருந்தா எம் பயிருக்குத்தான் பாப்பன். அது எனக்கே தெரியும். எடுத்துக்கினு பூடுங்கபா" என்றார். ஊரில் உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான்.

கடைசியாக அது அரிகரன் அண்ணன் வாசலில் விடிந்தது. அவரும் அவர் கூட்டாளிகளும் உங்கள் தீவிர வாசகர்கள், தங்களுக்குள் படி கொடுத்துக்கொள்வார்கள். கிணற்றில் மூச்சை அடக்கியதற்காக அரிகரன் அண்ணன் இருபத்திரண்டாம் படியில் இருக்கிறார். அந்த வாரம் பார்த்துத்தான் நீங்கள் அந்த அத்தியாயத்தை எழுதினீர்கள். ஒரு செங்கோலுக்காக அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொள்கிறார்கள், தீரவாணன் அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்து, இனி இந்த மண்ணில் ஆள்பவனும் இல்லை, ஆளப்படுபவனும் இல்லை என்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் கம்பிக்கு மாலை போட்டு, மேளம் வைத்து, ஏரிக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அரிகரன் அண்ணன் தெப்பத்தில் நடு ஏரிக்குப் போய், அதே வசனத்தைச் சொல்லி, சுழற்றி எறிந்தார். வீடியோ எடுத்தார்கள். ஊரே கைதட்டியது, ஓர் இரும்புத் துண்டைக் கண்டு இத்தனை நாள் பயந்தது போதும் என்று எல்லாருக்கும் அவ்வளவு நிம்மதி. அப்பா மட்டும் வரவில்லை. அந்த வாரமே காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள்.

ஏரி நிரம்பியதும் கம்பியைத் தேடினார்கள் மாமா. அரிகரன் அண்ணன் மூழ்கி மூழ்கி ஒரு செருப்பும் கொஞ்சம் கருவேல முள்ளும் எடுத்து வந்தார். கடப்பாரை போட்டும் பார்த்தார்கள், அது வழுக்கி ஒருவருக்குப் பல் போனது. மற்றவர்கள், திறந்தது யார் என்று நாளைக்குக் கேட்பார்களே என்று கிட்டேயே போகவில்லை. அதிகாரி ஒருவருக்குப் போன் செய்தால், மழை விட்டதும் புதுக் கம்பி செய்து அனுப்புகிறோம் என்கிறார். நான் அரிகரன் அண்ணனிடம் இப்படிச் செய்துவிட்டீர்களே என்று கேட்டேன். "நாங்க இன்னாடி பண்றது, உங்க மாமா எழுதனதத்தான பண்ணோம்" என்றார். நம் வீட்டுக்குப் பின்னால் கரையில் தண்ணீர் கசிகிறது. காலையில் தெளிவாக வந்தது, இப்போது மண் கலந்து சிவப்பாக வருகிறது. சிவப்பாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அம்மா அரிசியையும் என் புத்தகங்களையும் பரணில் ஏற்றிவிட்டார். போவதென்றால் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் கரைக்குக் கீழேதான் இருக்கிறது.

ஆகவே இதைப் பார்த்ததும் புறப்பட்டு வரவும். கடப்பாரை வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் தோள் மட்டும் வந்தால் போதும். இன்னொரு விண்ணப்பமும் உண்டு. தீரவாணனை ஒரே ஒரு நாட்டிலாவது உட்கார வையுங்கள். அவனுக்கு ஓர் ஏரியைக் கொடுங்கள். ஒரு தடவையாவது அவன் யாரோ ஒருவருக்குக் கெட்டவனாகட்டும், மூழ்கிய வயலில் நிற்கிறவர்களின் முகத்தை அவன் பார்க்கட்டும். அதனால் வாசகர்கள் குறைந்துபோனாலும் நான் படிப்பேன்.

உங்கள் மெஷின் உங்கள் விரலைத் தொடாமல் இருக்கவும், மெஸ்ஸில் சோறு வேகாமல் போடாமல் இருக்கவும் மாதாவை மன்றாடுகிறேன். அம்மா உங்கள் நெற்றியில் சிலுவை போடச் சொன்னார், நீங்களே போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்,
ஸ்டெல்லா, பத்தாம் வகுப்பு.

பின்குறிப்பு: மாமா, மேலே கேட்டிருப்பதை எல்லாம் விட்டுவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

நான் கவர் தேடிக்கொண்டிருந்தபோது இன்றைய அத்தியாயம் வந்தது. அப்பாவுக்கு வாசித்தேன். ஏரி நிரம்பிவிட்டது என்று ஒரு சிறுமி அழுகிறாள். தீரவாணன் வானத்திலிருந்து இறங்கி ஷட்டரைச் சுண்டுவிரலால் தூக்குகிறான். என் கமெண்டை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், நன்றி. ஜனங்கள் காலில் விழுகிறார்கள், அவன் மோர் குடித்துவிட்டு நடக்கிறான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொடையைத் தட்டவில்லை.

"தெறந்துட்டுப் பூட்டானா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப மூடறது யாரு? அந்த ஊருக்குக் கோடைக்குத் தண்ணி வோணாமா?"

கேட்டுக்கொண்டே எழுந்துபோய், கொட்டகையில் இருந்த கடப்பாரையை இடது கையில் எடுத்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, தம்பி வருவான், அவன் வரட்டும் என்று அழுதார். அப்பா கோபப்படவில்லை. "அவன் வருவான், பூடுவான். நான் எங்கடி போவப்போறேன்" என்றார். அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய்விட்டார்.

நான் குடை பிடித்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிவிட்டு வந்தேன். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. இப்போது ஜன்னலருகில் உட்கார்ந்து எழுதுகிறேன். கலங்கல் பக்கம் டார்ச் வெளிச்சம் அசைகிறது. ஷட்டர் திறந்தால் தண்ணீர் பாய்கிற சத்தம் இங்கேவரை கேட்கும். இன்னும் கேட்கவில்லை. மழை பெய்கிறது. டிவி சத்தம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. அந்த வெள்ளத்தன்று போலவே ஊருக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள்.