ஒரு புருவ முடியின் விலை

செவ்வாய், அக்டோபர் 14. இன்றைய தவறு: ஒரு முடி.

வெர்லீன் தன் நோட்டில் இப்படித்தான் எழுதினாள். அது தவறுதானா என்று உடனே சந்தேகம் வந்ததால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தாள்.

பகலில் அவள் டார்லாவின் அழகு நிலையத்தில் தலை அலசிவிடுபவள். மாலையில் அழகுக்கலைப் பள்ளி மாணவி. அமெரிக்காவில் அவள் இருந்த மாநிலத்தில் அழகுக்கலை லைசென்ஸ் வாங்க ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் படிக்க வேண்டும். வெர்லீன் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டை முடித்திருந்தாள். மிச்சமும் முடியும்வரை கடையில் தலையை நனைக்கலாம், துவட்டலாம். கத்தரிக்கோலைத் தொடக் கூடாது.

அன்று தலை அலச வந்திருந்த மிஸ் பியூலாவுக்கு நான்கு மணிக்கு மகளின் மூன்றாவது கல்யாணம்.

"கண்ணு, இந்த இடது புருவத்துல ஒரு முடி கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது பாரு" என்றாள்.

வெர்லீன் பாவம் பார்த்து அதன் நுனியை வெட்டினாள். அதே நொடியில் மாநில அழகுக்கலை வாரியத்தின் ஆய்வாளர் பெட்டிகிரூ கதவைத் திறந்தார்.

"யார் வெட்டினது?"

"ஒரே ஒரு முடிதான் சார்."

"எத்தனை முடின்னு விதியில கணக்கு இல்லை." விரல் நுனியை நாக்கில் நனைத்து, செங்கல் கனமிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "லைசென்ஸ் இல்லாம வெட்டினா, இதுவரைக்கும் படிச்ச மணி நேரம் அத்தனையும் ரத்து."

டார்லா ஓடிவந்தாள்.

"சார், அவ சும்மா தொட்டுப் பார்த்தா. மிச்சத்தை நான் முடிச்சுடறேன். என் லைசென்ஸ் இருபது வருஷமா சுவத்துல தொங்குது."

"உங்க லைசென்ஸ் தலைக்கு. புருவம் முகத்துல இருக்கு."

முகத்துக்கு லைசென்ஸ் வைத்திருந்த ஷெல்பியைப் பின்னறையிலிருந்து இழுத்துவந்தார்கள். அவள் கத்தரிக்கோலை எடுத்ததும் பெட்டிகிரூ இருமினார்.

"முகத்துக்காரங்க மெழுகு போட்டுப் பிடுங்கலாம். வெட்டக் கூடாது."

ஷெல்பி மெழுகைத் தடவித் துணியை ஒட்டி இழுத்தாள். இழுத்த வேகத்தில் பாதிப் புருவம் துணியோடு வந்துவிட்டது.

"அடிப்பாவி! கல்யாணப் போட்டோவுல நான் பாதி மூஞ்சியோடவா நிப்பேன்?" என்று அலறினாள் மிஸ் பியூலா.

"பென்சிலால வரைஞ்சுடலாம்" என்றாள் டார்லா.

"வரையறது ஒப்பனை. அதுக்குத் தனி லைசென்ஸ்."

"இங்க குடு, நானே வரைஞ்சுக்கிறேன். என் மூஞ்சி, என் கை."

"வீட்டுல தாராளமா வரைங்க. பதிவு பண்ணின கடைக்குள்ள லைசென்ஸ் இல்லாதவங்க வரையக் கூடாது."

"எழுபது வருஷமா இந்த மூஞ்சியைக் கழுவிக்கிட்டிருக்கேன். அதுக்கும் ஏதாவது விதி இருக்கா?"

பெட்டிகிரூ உண்மையாகவே தேட ஆரம்பித்தார்.

நடுவில், மெழுகின் சூட்டைச் சோதிக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு அதே விரலை நாக்கில் நனைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"இதுல என்ன கலந்திருக்கு?"

"பாதாம் எண்ணெய் சார். தோலுக்கு ரொம்ப நல்லது" என்றாள் ஷெல்பி.

அவருக்குப் பாதாம் ஆகாது. உதடு ரொட்டி மாவு போல உப்பியது. தொண்டை கீச்சிட்டது. நாற்காலியில் சரிந்தார். வெர்லீன் பாய்ந்து அவருடைய டையைத் தளர்த்தப் போனாள்.

"தொடாதே..." மூச்சுத் திணறலிலும் கையை உயர்த்தினார். "லை... சென்ஸ்..."

ஆம்புலன்ஸில் வந்த பெண் புத்தகம் எதையும் புரட்டவில்லை. கால்சட்டைக்கு மேலேயே தொடையில் ஊசியைக் குத்தினாள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினாள். பத்து நிமிடத்தில் பெட்டிகிரூவுக்கு மூச்சு திரும்பியது. திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, பேனாவைத் தேடி எடுத்து வெர்லீனின் மணி நேரத்தை ரத்து செய்யும் சீட்டில் கையெழுத்துப் போட்டதுதான். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் போயிற்று.

மிஸ் பியூலா தொப்பியை இடது கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பினாள். வெர்லீன் ஸ்ட்ரெச்சரின் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"மேடம், இப்படி உயிரைக் காப்பாத்துறதுக்கு எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"வருஷமா?" ஆம்புலன்ஸ் பெண் சிரித்தாள். "நானும் முதல்ல அழகுக்கலைப் பள்ளியிலதான் சேர்ந்தேன், தங்கம். அத்தனை மணி நேரம் யாரால உட்கார முடியும்? அதான் விட்டுட்டு இதுக்கு வந்தேன். இது மொத்தமே நூத்தைம்பது மணி நேரம்தான்."

புதன்: காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டும்.