இசைத்தட்டில் என் குரல்

நான் ஒரு இசைத்தட்டில் பாடியிருக்கிறேன். நம்பாதவர்கள் அதன் பின்னட்டையைப் பார்க்கலாம். பியானோ, பாஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் என்று நான்கு ஆண்களின் பெயர்கள்; அவற்றுக்குக் கீழே 'குரல்: கமலம்'. பாடத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். (நான் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.)

சாக்ஸபோன் என் வீட்டுக்காரர். திருச்செங்கோட்டில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது பள்ளி பேண்டில் கிளாரினெட் ஊதப் பழகியவர். அந்தப் பழக்கம் முற்றிப்போய், சீசனுக்கு ஏற்காட்டு கிளப்பில் சாக்ஸபோன் வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தது. அங்கே பியானோ வாசித்த பெர்சி என்கிற பெங்களூர்க்காரர்தான் இவருக்கு ஜாஸ் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர். பட்டறையில் செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே அமெரிக்கக்காரர்களின் தட்டுகள் நாலைந்து இருக்கும். கல்யாண பேண்டுக்காரன் வேலை என்று என் மாமனார் முகம் சுளிப்பார். அதனால் இவர் வீட்டில் ஊதும்போது வாய்க்குள் ஒரு துண்டைத் திணித்துக்கொள்வார். (சாக்ஸபோனின் வாய்க்குள்.) அந்தத் துண்டைத் தாண்டி வந்ததுதான் எனக்குத் தெரிந்த ஜாஸ்.

கல்யாணமான மறுவருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்குள் காய்ச்சல் கண்டு குழந்தை இறந்துபோய்விட்டது. நான் பாயைவிட்டு எழவில்லை. இவர் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டில் புதைத்துவிட்டு வந்தார். மறுநாளே பட்டறையைத் திறந்து காயில் கட்ட உட்கார்ந்துவிட்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நெஞ்சில் ஈரமில்லாத மனுஷனுக்கு வாக்கப்பட்டுவிட்டேன் என்று என் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவரோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான், தட்டு போடப்போகிறோம், வா என்று பெர்சி சொல்லியனுப்பினார். என்னைத் தனியாக விட மனமில்லாமல் இவர் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். ஸ்டூடியோவில் ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்றார் பெர்சி. நான் வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். தும்மல் வந்துவிடப் போகிறதென்று மூக்கையும் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பொறுப்பான பெண்.

வாசிக்க ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. பியானோ ஒரு வழியில் போனது, பாஸ் வேறு வழியில் போனது. டிரம்ஸ்காரர் துடைப்பம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். பாட்டை மறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் தேடுகிறார்கள், பாவம் என்று நினைத்தேன்.

பிறகு இவர் ஊதினார், துண்டு இல்லாமல்.

முனகல் போலத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி ஓரிடத்தில் நின்றுகொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டது. கன்றைப் பறிகொடுத்த மாடு ராத்திரியெல்லாம் கத்துமே, அந்தக் குரல். கழுத்து நரம்பு புடைத்து, முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. மூடியிருந்த கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. இத்தனை மாதமாக அழாத மனுஷன் இப்போது அழுகிறார், நிறுத்தத் தெரியாமல் அழுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிவப்பு விளக்கெல்லாம் மறந்துபோயிற்று. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, போதுமுங்க. உட்டுருங்க."

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். கூச்சத்தில் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மறுபடி ஒருமுறை முயன்றார்கள். இவருக்கு உதடு வாத்தியத்தில் நிற்கவில்லை. பாஸ்காரருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெர்சி பதிவானதைப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, இதில் எதையும் வெட்டமாட்டேன் என்றார். பாட்டுக்கு என்ன பெயர் என்று இவரிடம் விசாரித்தார்.

"பேரு வெக்கலீங்க" என்றார் இவர். அட்டையிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். அதோடு குறும்புக்கு என் பெயரையும் சேர்த்தார் பெர்சி.

தட்டு வந்ததும் வெண்ணந்தூரில் என் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. கமலம் தட்டில் பாடியிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மாரியம்மன் நோம்பிக்கு நாங்கள் போய் இறங்கியபோது, வாசலில் ரேடியோ செட், வேப்பமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், தெரு நிறைய ஜனம். பெட்டியிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்ததே என் தம்பிதான். எனக்குத் தடுக்க வாய் வரவில்லை.

தட்டு சுற்றியது. மிஷின் ரிப்பேரா என்று ஒருவர் கேட்டார். செட்டுக்காரர் முள்ளை எடுத்து ஊதித் துடைத்து மறுபடி வைத்தார். கடைசியில், தெரு முழுக்கக் கேட்கும்படி இரண்டு குழாயிலும் என் கெஞ்சும் குரல்: ஏனுங்க, போதுமுங்க, உட்டுருங்க.

என் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். எங்கள் பிள்ளையை அடித்ததும் போதாதென்று அதைத் தட்டிலும் போட்டிருக்கிறான் பார் என்று இவரை நோக்கி வந்தார். அப்பா நடுவில் புகுந்து நின்றார். அவருக்கே முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க மாப்ள இது?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அழுதது நானுங்க மாமா. பாப்பாவ நெனச்சு. இவ வந்து போதும்னா."

மாமன் வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு, உட்காருவதா போவதா என்று தெரியாமல் நின்றார். அப்பாதான் செட்டுக்காரரிடம் சொன்னார். "இன்னொருக்கா மொதல்ல இருந்து போடப்பா."

இரண்டாவது தடவை கேட்டபோது, முள்ளைத் துடைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

இவர் வேறு தட்டில் வாசிக்கவில்லை. பெர்சி வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இவர் கண்ணை மூடியும் சில வருடங்களாகிவிட்டன. பிறகு பிறந்த மகனும் மகளும் வீட்டுக்கு யார் வந்தாலும், எங்கம்மா பாடகி, மூன்றே வார்த்தைப் பாட்டு என்று தட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன பொங்கலுக்கு மருமகன் கேட்டார், "ஏனுங்க அத்தை, இன்னொண்ணு பாடியிருக்கலாமில்லீங்க?"

"பாடலாமுங்க மாப்ள" என்றேன். "ஊதறதுக்கு ஆளில்லையே."