மிரர் போட்ட காளை

காளையின் முதுகில் இரண்டு சுழி இருக்கிறதே என்று நாகஜோதி கேட்டபோது, ஷெரின் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். மயிர் மயிராகப் பார்த்துப் பார்த்து வரைந்த சுழி அது.

“ஒரு பக்கம்தான்க்கா செஞ்சேன். மிரர் போட்டதும் அந்தப் பக்கம் தானா வந்திருச்சு,” என்றாள் பெருமையாக.

தேனியில் அந்த அனிமேஷன் கடையில் வேலை பார்ப்பது இவர்கள் இருவர்தான். ஷெரின் போடி பஜார் பாத்திரக்கடைக்காரர் மகள். மாட்டுக்கும் அவளுக்கும் உள்ள பழக்கம், ரோட்டில் ஒதுங்கி வழிவிடுவதோடு சரி. உடம்பில் பாதியைச் செய்துவிட்டு மிரரைத் தட்டினால் கம்ப்யூட்டரே மறுபாதியைச் செய்து ஒட்டிவிடும். நான்கு நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. காளையின் சொந்தக்காரர் ஒச்சாண்டி அனுப்பியிருந்த போட்டோக்களும் வலப்பக்கம் மட்டும்தான்.

நாகஜோதி மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“ஏ புள்ள, நடுமுதுகுக்கு ரெண்டு பக்கமும் சுழி இருந்தா அது பாடைச் சுழி. கட்டுன வீட்டுல சாவு விழும்னு சொல்லுவாக. சும்மா குடுத்தாக்கூட ஒருத்தரும் வாங்க மாட்டாக.”

காமயகவுண்டன்பட்டி ஒச்சாண்டியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சம்பந்தி வீட்டுக்குச் சீர்வரிசையாகப் போகப்போவதே இந்தக் காளைதான். மண்டபத்துப் பெரிய திரையில் அது மணமக்கள் பெயரைக் கொம்பில் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். பேனரில் தம்பி படத்தைத் தன் படத்தைவிடப் பெரிதாகப் போட்டவனை அந்தப் பேனரிலேயே சுருட்டிக் கட்டி உட்காரவைத்தவர் ஒச்சாண்டி. வீட்டுக்குச் சாவையே வரைந்து கொடுத்தவளை என்ன செய்வாரோ?

வீடியோவோ காலையிலேயே வாட்ஸப்பில் போய்விட்டது. ஷெரின் அவசரமாக அதை அழித்தாள். நாகஜோதி எட்டிப் பார்த்தாள். ஷெரின் தன் போனில் மட்டும் அழித்திருந்தாள். இனி அவர் போனில் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது.

அதே நேரத்தில் போனில் அவர் குரல் வந்தது. “இங்கனதான் வந்துக்கிட்டிருக்கேன். நான் வர்ற வரைக்கும் வேற எவனுக்கும் காட்டாத.”

ஷெரின் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். இடப்பக்கச் சுழியைத் தேய்த்து அழித்தாள். மிரரை அணைக்க மறந்திருந்தாள். வலப்பக்கச் சுழியும் சேர்ந்து போய்விட்டது. பதறிப்போய் மிரரை அணைத்ததும், காளை முதுகோடு பிளந்து தேங்காய் மூடியாக இரண்டு பாதி நின்றது. இரண்டையும் நெருக்கி ஒட்டினாள். சேர்த்த இடம் கொஞ்சம் தள்ளிப்போக, காளைக்கு வால் இரண்டாகிவிட்டது.

“சுழியே தேவல புள்ள,” என்றாள் நாகஜோதி, கண்ணை மூடிக்கொண்டு.

ஷெரின் செய்த மாற்றங்களையெல்லாம் ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே போனாள். கடைசியில் வந்து நின்றது அந்தப் பழைய காளைதான். முதுகு பெரிதாகத் தெரிந்தது. இரண்டு சுழியும் இரண்டு கண் மாதிரி அவளையே பார்த்தன. கீழே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. அவள் திரையை அணைக்கத் தடவினாள். பயத்தில் பட்டன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

ஒச்சாண்டி உள்ளே வந்தார். பின்னாலேயே வந்த டிரைவர் விஜயபாண்டி கதவைத் தாழ்ப்பாள் போட்டான். தன் ஆயுசு இந்த அறையோடு முடிந்தது என்று ஷெரின் நிச்சயமாக நம்பினாள்.

“ஐயா, தெரியாமச் செஞ்சிட்டேன்...”

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சம்பந்தி வீட்டாளுக யாரும் இதப் பாத்தாகளா?” என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது.

ஷெரின் இல்லை என்று தலையாட்டினாள். அவர் தொப்பென்று உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். நாகஜோதி கொடுத்த தண்ணீர் பாதி சட்டையில் கொட்டியது. இவ்வளவு பெரிய மனுசர் இப்படி நடுங்குவதைப் பார்த்து ஷெரினுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விஜயபாண்டி அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“அந்தப் பக்கத்துச் சுழிய மூணு வருசமா சந்தனத்த அப்பி மறைச்சு வச்சிருக்கோம். நீ எப்பிடித்தா கண்டுபிடிச்ச?”