பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை குடிபாலாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: டிராக்டர் ஓட்டும் என் நைனா, அம்மா, தங்கை செல்வி, ஒரு தேங்காய். இல்லாதவர்: கம்ப்யூட்டர் தெரிந்த யாராவது ஒருவர். (நான் இருந்தேன். அது ஏன் கணக்கில் வராது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.)

ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பத்து நாளில் லினக்ஸில் செய்முறைத் தேர்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜில் லினக்ஸைப் பரீட்சைத் தாளில் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் இலவசம். அதைப் போட்டுப் பழக ஒரு மெஷின் வேண்டுமே.

திருப்பதியில் ஒரு கடைக்காரர், ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பைத் தட்டிக் காட்டினார். "இத எடுத்துக்கோ பாபு. பழசுதான், ஆனா கத்துக்கறவன் கைக்குத் தாங்கும்."

என் கண் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டது. உள்ளங்கை அளவில் ஒரு பச்சை போர்டு. அதுவே முழுக் கம்ப்யூட்டராம். ஃபேன் கிடையாது. நகம் அளவு மெமரி கார்டுக்குள் மொத்த லினக்ஸும் உட்கார்ந்துகொள்ளுமாம். வீட்டு டிவியில் சொருகினால் படம் வருமாம். இவ்வளவு சின்னதுக்குள் அவ்வளவும் எப்படி? அந்தக் கேள்விதான் என்னை வாங்க வைத்தது.

"மூடி வைக்க பிளாஸ்டிக் பெட்டி தனியா வரும்" என்றார்.

"பெட்டி வேணாம்ண்ணா. உள்ள இன்னா நடக்குதுன்னு பாக்கணும்." (உள்ளே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது.)

வீட்டில் நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது, பீடிக்கட்டு மாதிரி கீது? இதுவா வேலை வாங்கித் தரும்?"

"இதான் நைனா கம்ப்யூட்டரு."

"எதுவா இருந்தா இன்னா, மிஷின் மிஷின்தான். பூஜை போடாம ஸ்டார்ட் பண்ணுவியா?"

நான் படித்தவன். தேங்காயை வாசலில்தான் உடைக்கவேண்டும், ஒரு சொட்டு தண்ணீர் உள்ளே தெறிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நைனாவும் கேட்டுக்கொண்டார். உடைத்துவிட்டு வந்தவர், நான் வயர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், போர்டின் நட்டநடுவில் குழைத்த சந்தனத்தை டிராக்டருக்கு வைக்கும் அதே அளவில் அப்பினார். அதன் மேல் குங்குமம். சந்தனம் மெதுவாக நாலாபக்கமும் வழிந்தது.

"காயட்டும் நைனா" என்றேன்.

"மணி நாலு இருவத்தஞ்சு. நாலரைக்கு ராகுகாலம்" என்றாள் அம்மா.

இங்கேதான் என் படிப்பு முழுவதும் ஒன்றுதிரண்டு உதவிக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. வேலைக்கு வாங்கியதை ராகுகாலத்திலா ஆரம்பிப்பது? துண்டால் இரண்டு ஒத்து ஒத்திவிட்டு சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பிறகு சந்தன வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது.

"ஸ்டார்ட் ஆயிடிச்சா?" என்றார் நைனா.

"இல்ல நைனா."

"சோக்க இழுத்துப் பாரு."

"சாமிகிட்டயே போய்ச் சேந்துடிச்சி நைனா" என்றாள் செல்வி.

மறுநாள் கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஈ தேவுடு எவரு பாபு?" என்று கேட்டார், இது எந்தச் சாமியாம். வாரண்டியில் பொட்டு வராது என்றும் சொன்னார். அந்தப் பழைய டெஸ்க்டாப்பையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் சுவிட்ச் போட்டதும் அது ரைஸ் மில் மாதிரி இரைந்தது. "இது வண்டி" என்றார் நைனா, திருப்தியாக. இரும்புப் பெட்டி என்பதால் பொட்டும் வெளியிலேயே நின்றது.

ரேணிகுண்டாவில் செய்முறை முடிந்ததும் கடைசியாக ஒரு கேள்வி: "புது மெஷினுக்கு கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன செக் பண்ணுவே?"

"ஈரம் காஞ்சிருக்கான்னு பாப்பேன் சார்."

விளக்கம் கேட்டார்கள். சொன்னேன். சிரித்து முடிக்க நேரமானது, ஆனால் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது வீட்டில் மிக்ஸி வாங்கினாலும், "காஞ்சிடிச்சா?" என்று செல்வி கேட்காமல் சுவிட்ச் போடமுடியாது. போர்டு சாமிப் படங்களுக்கு நடுவில் இருக்கிறது; வெள்ளிக்கிழமைகளில் அம்மா பூ வைக்கிறாள். செல்வி கணக்கும் போட்டு வைத்திருக்கிறாள்: கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர், கற்றுக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர், தேங்காய், சந்தனம், குங்குமம், பஸ்ஸில் டெஸ்க்டாப்புக்குக் கேட்ட லக்கேஜ் காசு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். அன்றைக்கு நான் வேண்டாம் என்ற பிளாஸ்டிக் பெட்டி, முந்நூறு.