கேஜில் ஏறாத மூன்று பேர்

எனக்குக் கணக்கு உடனே வரும், புத்திதான் கொஞ்சம் தாமதமாக வரும். இதற்கு ஒரு எட்டாம் வகுப்பே சாட்சி.

கோலார் தங்கவயலில், ஊரிகம் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் தலைமை ஆசிரியை முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். மொழிப்பாடத்தைப் போலக் கணக்கையும் கதையாகக் கொடுங்கள், பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொண்டு சமன்பாடு எழுதட்டும் என்று அப்போதுதான் ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்க் கதை! இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். (மொத்தம் மூன்று வரி.)

கரும்பலகையில் அழகாக எழுதிப்போட்டேன். (கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு.)

"சுரங்கத்தில் காலை ஷிஃப்டுக்கு இருபது பேர் கேஜில் இறங்கினார்கள். ஷிஃப்ட் முடிந்து பதினேழு பேர் மேலே வந்தார்கள். வராதவர்களை x என்று வைத்துக்கொள்க."

திரும்பிப் பார்த்தால் ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை. முதல் பெஞ்சு ஸ்டெல்லா எழுந்தாள்.

"மிஸ், அந்த மூணு பேருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அவங்கதான் x."

"ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் பக்கத்துப் பெண்.

"எந்த லெவல்ல கீறாங்க, மிஸ்?" என்று சுரங்கத்தின் ஆழத்தை விசாரித்தது கடைசி பெஞ்சு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேஜில் இறங்கி மேலே வராத ஒருவரின் படம் இங்கே எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்பாவின் அண்ணன் படம் இருக்கிறது. தினமும் தூசு தட்டுவது சாட்சாத் நான்தான். அவரைத்தான் x ஆக்கியிருக்கிறேன்.

"அவங்க... லீவு போட்டுட்டாங்க!" என்று உளறினேன்.

"கீழ எறங்கினப்புறம் எப்படி மிஸ் லீவு?"

பின்னால் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை எழுந்தார். வேலை போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன்.

"மொதல்ல அந்த மூணு பேர மேல கொண்டு வாங்க. மத்தது அப்புறம் பேசலாம்."

நான்காவது வரி எழுதினேன்: "அடுத்த கேஜில் மூன்று பேரும் பத்திரமாக வந்தார்கள்." அதன் கீழே 20 − 17 − 3 = 0. வகுப்பே கைதட்டியது. பூஜ்யத்துக்குக் கைதட்டல் வாங்கிய டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"கணக்குல தப்பில்ல," என்றார் தலைமை ஆசிரியை. "கதைய நீங்களே ஒரு வாட்டி படிச்சுப் பாத்திருக்கலாம்." இன்னொரு மாதிரி வகுப்புக்குப் பிறகுதான் வேலை கிடைத்தது. (அந்தத் தடவை மாம்பழம் வைத்துக் கதை சொன்னேன்.)

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். பிசைந்த கை அப்படியே நின்றது.

"மூணு பேர கீழ வுட்டுட்டு சாக்பீஸ புடிச்சிக்கினு நின்னியா?"

"இல்லப்பா, அடுத்த கேஜுல வந்துட்டாங்க."

"வந்துட்டாங்களா?" என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். அதன் பிறகு சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

இன்றும் குடும்பத்தோடு பெங்களூர் போய்த் திரும்பினால், ஊரிகம் ஸ்டேஷனில் அப்பா எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிடுவார். "எத்தினி பேரு போனோம், எத்தினி பேரு வந்தோம்? டீச்சரம்மா எண்ண வேணாம், நான் எண்ணிக்கறேன்!" நாங்கள் எல்லோரும் உடனே சிரித்துவிடுவோம். அப்பா மட்டும் எண்ணி முடித்த பிறகுதான் சிரிப்பார்.