தொண்ணூறு டிகிரி விசுவாசம்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது என்றால், அது வேங்கிக்காலில் எங்கள் 'வான்துணை விண்கருவியகம்' தயாரித்த சென்சார்தான். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன்.

செயற்கைக்கோள் மேலே போனதும், மடித்து வைத்த சூரியத் தகடு விரிய வேண்டும். கீல் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது சென்சாரின் வேலை. வெளிநாட்டுச் சரக்கு யானை விலை, குதிரை விலை. எங்கள் பொறியாளர் நந்தினி மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஆட்டு விலைக்கு ஒன்றைச் செய்துவிட்டாள். அன்றைய சோதனையில் தேறினால் அது விண்ணுக்குப் போகும். தேறாவிட்டால் அவள் திட்டத்துக்கு மூடுவிழா.

சோதனைக்கு முன், கோயிலிலிருந்து வந்த மாலையைத் தலைவர் குமரேசன் தம் கையாலேயே தகட்டுக்குச் சாத்தினார். கற்பூரம் காட்டினோம். பொத்தானை அழுத்தினோம். தகடு விரியத் தொடங்கியது. மாலையின் நார் கீலுக்குள் சுற்றிக்கொள்ள, முக்கி முனகி வழியிலேயே நின்றுவிட்டது. வர வேண்டியது தொண்ணூறு டிகிரி. திரையில் வந்தது அறுபத்திரண்டு.

"என்னம்மா, உன் சென்சார் தப்பாக் காட்டுது?" என்றார் தலைவர்.

"சரியாத்தாங்க சார் காட்டுது. நார் கீல்ல மாட்டிக்கிச்சு. வெட்டி எடுத்துட்டு மறுபடி ஓட்டலாங்க."

"சாமி மாலைய வெட்டறதா? நீ இந்த ஊர்ப் பொண்ணுதானே?"

"அப்ப கழட்டியாச்சும் வெக்கலாங்க."

"நான் போட்ட மாலைய யாரு கழட்டறது?"

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. 'நம்பகத்தன்மை' என்றால் என்ன என்று ஆழமாக விவாதித்தோம். நெருக்கடியிலும் நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்காத குணமே நம்பகத்தன்மை என்று ஏகமனதாக முடிவாயிற்று. அந்தக் குணம் நந்தினியின் சென்சாருக்குக் 'கம்மி'.

மென்பொருள் பிரிவுப் புகழேந்தியைக் கூப்பிட்டார் தலைவர். "ஏம்பா, அது எப்பவும் தொண்ணூறுன்னே சொல்றாப்ல பண்ண முடியுமா?"

"ரொம்ப ஈஸிங்க சார். தகடே இல்லன்னாக்கூட தொண்ணூறு காட்டும்."

"வேணாங்க சார்," என்றாள் நந்தினி. "மேல போயி மாட்டிக்கிச்சுன்னா யாருக்குமே தெரியாது."

"தெரியாதுல்ல? அப்புறம் என்ன பயம்?"

தொண்ணூறு வந்தது. கைதட்டினோம். பூவெல்லாம் வாடி உதிர்ந்த பிறகும் நார் மட்டும் கீலுக்குள் பக்தியோடு தங்கிவிட்டது. அதை எடுக்க நந்தினி கேட்ட அனுமதி 'பரிசீலனையில்' இருந்தபோதே செயற்கைக்கோள் கிளம்பிவிட்டது.

மேலே தகடு பாதியில் நின்றது. பேட்டரி தீர்ந்து செயற்கைக்கோள் செத்தது. கடைசி மூச்சுவரை எங்கள் சென்சார் தொண்ணூறு என்றே சொன்னது. அந்த விசுவாசத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

விசாரணைக் குழு இரவு பகல் பாராமல் உழைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது. கீலில் நார் இருப்பது முன்பே தெரிந்தும் 'உரிய வகையில், உரத்த குரலில்' எச்சரிக்கத் தவறியவர், நந்தினி. வேலை போயிற்று. மேசையைக் காலி செய்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னப்ப நீங்களும் அங்கதானே சார் இருந்தீங்க?"

"இருந்தேம்மா. நாங்க எல்லாருமே இருந்தோம். அதனாலதானே எங்களையே விசாரணைக் குழுவுல போட்டாங்க."